டூ-ஸ்ட்ரோக் மெசினுக்கு ஒயில் கலப்பது எப்படி? புதிதாக வாங்குகிறவர்களுக்கு

போன காலபோகம், விதைத்து மூன்று கிழமை. வரம்பில் அறுகும் கோரையும் முழங்கால் உயரம். புதிதாக வாங்கிய 52 சிசி புல்லு வெட்டுற மெசின் மூன்றாம் நாள் வாய்க்கால் கரையில் வைத்து ஒரு கீச்சுச் சத்தத்தோடு நின்றது. கயிற்றை இழுத்தேன், அசையவில்லை. கராச்சில் சிலிண்டரைக் கழற்றிய தம்பி பிஸ்ரனை எடுத்து என் கையில் வைத்தான். புகை வெளியேறுகிற பக்கம் முழுக்க, மேலிருந்து கீழாகப் பூனை பிறாண்டின மாதிரிக் கீறல்.

"அண்ணை, ஒயில் எவ்வளவு விட்டனீங்கள்?"

"கடையில சொன்ன மாதிரித்தான். லீற்றருக்கு ஒரு மூடி."

"எந்தப் போத்தல்ர மூடி?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. வீட்டுக்கு வந்து அந்த மூடியை அளந்து பார்த்தேன். 10 மில்லிலீற்றர். மெசினோடு வந்த கையேட்டில் லீற்றருக்கு 40 மில்லி என்று இருந்தது. கால்வாசி ஒயிலில் மூன்று நாள் ஓடியதே பெரிய காரியம். பிஸ்ரன், றிங், சிலிண்டர், கூலி எல்லாமாக 11,500 ரூபா. சாமான் வவுனியாவிலிருந்து வர ஒன்பது நாள். அதற்குள் புல் இடுப்புக்கு வந்துவிட்டது.

இந்தக் கதையைக் கனடாவில், ஸ்காபரோவில் இருக்கிற மருமகனிடம் சொன்னேன். அவன் பெற்றோலில் ஓடுகிற சின்ன மாதிரி விமானங்களைப் பறக்கவிடுகிறவன். அந்த எஞ்சின்களில் பல, புல்லு வெட்டுற மெசின் எஞ்சினில் இருந்து வந்தவைதான்; கத்திக்குப் பதில் முன்னுக்குக் காற்றாடி. "மாமா, உங்கட மெசின் நிண்டா திரும்பக் கயிறு இழுப்பீங்கள். என்ர பிளேன் மேல நிண்டா பிறகு பொறுக்கித்தான் எடுக்கோணும். அதால நாங்கள் அளக்கிறம், நீங்கள் அளக்கிறேல்லை" என்றான். கோபம் வந்தது, ஆனால் அவன் சொன்னது சரி. கீழே உள்ளதில் பாதி அவனிடம் கேட்டது, மீதி நான் காசு கொடுத்துப் படித்தது. புல்லு வெட்டி, முதுகில் சுமந்து மருந்தடிக்கிற மெசின், மரம் அரிகிற செயின்சோ எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

1. வாங்குகிற அன்றே கடதாசிகளைக் கையில் எடுங்கள்

மெசினைக் கடையில் ஸ்ராட் பண்ணிக் காட்டினதும் நாங்கள் காசைக் கொடுத்துவிட்டு மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்துவிடுவோம். அப்படிச் செய்யாதீர்கள். மூன்று கடதாசி வேண்டும்: மெசின் இலக்கம் எழுதிய பற்றுச்சீட்டு, முத்திரை குத்தித் திகதி போட்ட வாரன்டிக் காட், கையேடு. என் வாரன்டிக் காட்டில் முத்திரையும் இல்லை, இலக்கமும் இல்லை. கொண்டுபோனபோது "இது எங்கட மெசின் எண்டதுக்கு என்ன அத்தாட்சி?" என்று கேட்டார்கள். முத்திரை இருந்திருந்தாலும் பெரிய பயன் இருந்திராது. பிழையான ஒயில் கலவையால் இறுகின எஞ்சினுக்கு வாரன்டி இல்லை என்று கையேட்டின் பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் இருந்தது.

ஆகவே கடையில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "லீற்றருக்கு எத்தனை மில்லி, எந்தத் தர ஒயில்? பற்றுச்சீட்டில எழுதித் தாங்கோ." வாயால் "ஒரு மூடி" என்று சொல்லுகிறவர், எழுதச் சொன்னதும் கையேட்டைத் திறந்து பார்ப்பார்.

பற்றுச்சீட்டை ஒரு பிரதி எடுத்து, கமநல சேவை நிலையத்துக் கடதாசிகளோடு பொலித்தீன் உறையில் போட்டு வையுங்கள். 2022இல் பெற்றோல் தட்டுப்பாடாக இருந்த நேரம் கானைத் தூக்கிக்கொண்டு போனவர்களைத் திருப்பி அனுப்பியது நினைவிருக்கும். மெசின் இருக்கிறது, வயல் இருக்கிறது என்று காட்ட ஏதாவது கையில் இருந்தால் கதைக்கவாவது முடியும்.

2. டூ-ஸ்ட்ரோக்கா, ஃபோர்-ஸ்ட்ரோக்கா?

எல்லாப் புல்லு வெட்டியும் ஒயில் கலந்த பெற்றோலில் ஓடுவதில்லை. ஹொண்டா ஜிஎக்ஸ் 35 மாதிரி எஞ்சின்கள் ஃபோர்-ஸ்ட்ரோக். அதற்கு ஒயில் விடத் தனி வாய் இருக்கும், டாங்கிக்கு வெறும் பெற்றோல். டூ-ஸ்ட்ரோக்குக்கு ஒயில் வாய் இராது. டாங்கி மூடியிலோ பக்கத்திலோ பெற்றோல் பம்ப் படமும் ஒரு சொட்டுப் படமும் இருக்கும், அல்லது 25:1, 40:1, 50:1 என்று ஒரு விகிதம். டூ-ஸ்ட்ரோக்கில் பிஸ்ரனுக்கும் பெயரிங்குக்கும் போகிற ஒயில், பெற்றோலோடு சேர்ந்து போவது மட்டுந்தான். வேறு வழியில் ஒரு சொட்டும் போகாது. வெறும் பெற்றோல் விட்டு ஓட்டினால் சில நிமிடத்திலேயே இறுகும்.

ஒரே வீட்டில் இரண்டு வகை மெசினும் இருந்தால் கான்களில் மாக்கரால் பெரிதாக எழுதுங்கள். "எனக்குத் தெரியுந்தானே" என்று விடாதீர்கள். மெசினை இரவல் வாங்கிப் போகிறவருக்குத் தெரியாது.

3. விகிதம்: 1000ஐ வகுத்தால் போதும்

கணக்கு லேசு. 1 லீற்றர் என்பது 1000 மில்லி. அதை விகிதத்தால் வகுத்தால் வருவது லீற்றருக்கு விட வேண்டிய ஒயில்.

50:1 என்றால் 20 மில்லி.
40:1 என்றால் 25 மில்லி.
32:1 என்றால் 31 மில்லி.
25:1 என்றால் 40 மில்லி.

சில கையேடுகள் 1:50 என்று திருப்பி எழுதும், சிலது 2% என்று எழுதும். மூன்றும் ஒன்றுதான். 2.5% என்றால் 40:1, 4% என்றால் 25:1.

எந்த விகிதம் என்று கையேடு சொல்லட்டும். பக்கத்து வயல்காரர் சொன்னதையோ கடைப் பெடியன் சொன்னதையோ எடுக்காதீர்கள். ஆனால் கையேட்டை முழுதாக வாசியுங்கள், ஏனென்றால் விகிதம் ஒயிலோடு சேர்ந்தே வருகிறது. ஹஸ்க்வார்னா கையேடுகளில் தங்கள் ஒயில் என்றால் 50:1, வேறு ஒயில் என்றால் 33:1 என்று பார்த்திருக்கிறேன். ஸ்டில் கையேடுகளிலும் தங்கள் ஒயிலுக்கு 50:1, மற்றதற்கு 25:1 என்று இருக்கும். மேல் வரியை மட்டும் வாசித்துவிட்டு மலிவு ஒயிலை 50:1இல் கலக்கிறவர்கள் நிறையப் பேர்.

"அப்ப கூட விட்டா நல்லந்தானே?" என்று எனக்கும் தோன்றியது. இறுகினதற்குப் பிறகு பயத்தில் லீற்றருக்கு 70 மில்லி வரை விட்டுப் பார்த்தேன். புகை வீடு நிறைய. இரண்டு நாளில் பிளக் கறுத்து ஈரமாகி ஸ்ராட் வரவில்லை. சைலென்சரின் வாயில் கரி அடைத்தது. மருமகன் இன்னொன்றும் சொன்னான், அதை நான் யோசித்ததே இல்லை. காபரேற்றரின் துளை ஒரே அளவுதான். அதற்குள் ஒயில் கூடினால் பெற்றோல் குறையும், காற்றுக்குப் பெற்றோல் காணாமல் போய் எஞ்சின் சூடு கூடும். கையேட்டு அளவுக்குக் கொஞ்சம் மேலே போவதால் கேடில்லை. கீழே மட்டும் போகாதீர்கள். 40க்கு 45 விட்டால் ஒன்றும் நடக்காது. 40க்கு 10 விட்டதன் விலை 11,500 ரூபா.

இரண்டு மெசின், இரண்டு விகிதமா? 40:1உம் 50:1உம் என்றால் ஒரே கானில் 40:1 கலந்து இரண்டுக்கும் விடுகிறேன். 25:1உம் 50:1உம் என்றால் இரண்டு கான் வேண்டும்.

4. எந்த ஒயில்? பிழைவிடுகிற இடம் இதுதான்

போத்தலின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். ஜாசோ என்ற ஜப்பான் தரத்தின் பெயரும் பக்கத்தில் எஃப்பி, எஃப்சி, எஃப்டி என்று ஆங்கில எழுத்துகளும் இருக்கும். எஃப்பி அடித்தரம், எஃப்சி புகை குறைவு, எஃப்டி கரியும் குறைவு. எஃப்டி கிடைத்தால் அதை எடுங்கள், இல்லாவிட்டால் எஃப்சி. எழுத்தே இல்லாத போத்தல் எவ்வளவு மலிவென்றாலும் வேண்டாம்.

இனி, எடுக்கக்கூடாதவை.

உழவு மெசினுக்கோ மோட்டார் சைக்கிளுக்கோ விடுகிற எஞ்சின் ஒயில். 20டபிள்யு-50 மாதிரி இலக்கம் இருந்தால் அது ஃபோர்-ஸ்ட்ரோக்குக்கு உரியது. அது எஞ்சினுக்குள் சுற்றித் திரியச் செய்த ஒயில், எரிந்து போகச் செய்ததல்ல. எரித்தால் சாம்பல் விடும். பிளக்கிலும் பிஸ்ரன் தலையிலும் ஒட்டும். போர்க்காலப் பொருளாதாரத் தடை நேரத்தில் ஒரு சொட்டுப் பெற்றோலில் ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டின ஆக்கள் நாங்கள். எதையும் எதிலும் ஓட்டலாம் என்ற துணிவு அப்போது வந்தது, இன்னும் போகவில்லை. அப்போது வேறு வழி இல்லை. இப்போது கடையில் போத்தல் இருக்கிறது.

போட் எஞ்சினுக்கு விடுகிற ஒயில். முல்லைத்தீவுக் கரைப் பக்கம் இருப்பவர்கள் இதைக் கவனியுங்கள். கடற்றொழில் செய்கிற சிநேகிதர் ஒருவர் "டூ-ஸ்ட்ரோக் ஒயில்தானே, கொண்டு போ" என்று அரைப் போத்தல் தந்தார். அதில் ரீசி-டபிள்யு3 என்று இருந்தது. அது தண்ணீரால் குளிர்கிற எஞ்சினுக்கானது. போட் எஞ்சினைக் கடல் தண்ணீர் குளிர்விக்கும். எங்கள் மெசினைக் குளிர்விப்பது ஒரு விசிறியும் பங்குனி வெயிலில் கொதிக்கிற காற்றும். அந்தச் சூட்டுக்கு அந்த ஒயில் தாங்காது, றிங் ஒட்டிப்போகும். போத்தலை நன்றியோடு திருப்பிக் கொடுத்தேன்.

ஆமணக்கெண்ணெய். சிரிக்காதீர்கள், எனக்கு உண்மையாகவே ஒருவர் சொன்னார்: "பிளேன் எஞ்சினுக்கே ஆமணக்கெண்ணெய்தான் விடுறவையாம்." பாதி உண்மை. மாதிரி விமானங்களில் பிளக்குக்குப் பதில் சூட்டுக்கம்பி உள்ள ஒரு வகை இருக்கிறது. அது மெதனோலில் ஓடும், அதற்கு ஆமணக்கெண்ணெய் கலப்பார்கள். பெற்றோலோடு ஆமணக்கெண்ணெய் சரியாகக் கரையாது, எரிந்த பிறகு பிசினாக ஒட்டும். மருமகனின் பெற்றோல் எஞ்சினுக்கும் டூ-ஸ்ட்ரோக் ஒயில்தான்.

விலை: நான் வாங்கிய எஃப்டி ஒயில் லீற்றர் 2,400 ரூபா. 25:1இல் கலந்தால் பெற்றோல் லீற்றருக்கு 96 ரூபா ஒயில், 40:1 என்றால் 60 ரூபா. என் இரண்டு ஏக்கருக்கு ஒரு போகத்தில் பத்து லீற்றர் கலவை முடிகிறது. எனவே 25:1 மெசினுக்குக்கூட 400 மில்லி போதும். நான்கு லீற்றர்க் கான் மலிவு என்று சொல்வார்கள். வருடக் கணக்கில் திறந்தபடி கிடக்கும், வாங்காதீர்கள். அரை லீற்றர் அல்லது ஒரு லீற்றர்.

5. பெற்றோல் செட்டில் லீற்றர்க் கணக்கில் கேளுங்கள்

"ஆயிரத்துக்கு அடியுங்கோ" என்று கேட்டுப் பழகிவிட்டோம். லீற்றர் 300 ரூபா என்று வைத்தாலும் ஆயிரத்துக்கு வருவது 3.3 லீற்றர். வீட்டுக்கு வந்து "மூண்டோ நாலோ" என்று ஒயில் விடுவோம், அங்கேயே கணக்குப் பிழைக்கும். "மூன்று லீற்றர்" என்று கேளுங்கள்.

92 ஒக்டேன் போதும். கையேடு கேட்டாலொழிய 95க்குக் காசு கொடுக்கத் தேவையில்லை.

கான் முக்கியம். தடித்த பிளாஸ்டிக் எரிபொருள் கான், அல்லது தகரக் கான். மண்ணெண்ணெய் இருந்த கான் வேண்டாம். களைகொல்லி வந்த கான் வேண்டவே வேண்டாம், எத்தனை தரம் கழுவினாலும். தண்ணீர்ப் போத்தலும் சோடாப் போத்தலும் வேண்டாம். ஒயிலில் நிறம் போட்டிருப்பார்கள். சிவப்பு ஒயில் கலந்த பெற்றோல் பார்வைக்கு நன்னாரி சர்பத் மாதிரி இருக்கும். வயலில் தாகத்தோடு வருகிற பிள்ளை அதைத்தான் எடுக்கும்.

6. கலக்கும் விதம்

பாமசியில் 20 மில்லி சிறிஞ் ஒன்று வாங்குங்கள், ஊசி இல்லாமல். நான் கேட்டபோது கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "மெசினுக்கு ஒயில் அளக்க" என்று சொன்னதும் சிரித்துவிட்டு இரண்டு தந்தார். அதில் ஒயிலை மட்டும் இழுங்கள். பெற்றோல் பட்டால் உள்ளே இருக்கிற இறப்பர் ஊதி இறுகிவிடும். என் முதல் சிறிஞ் அப்படித்தான் போனது.

நிழலில், அடுப்பும் பீடியும் இல்லாத இடத்தில் கானை நிலத்தில் வையுங்கள். தேவையான பெற்றோலில் பாதியை விடுங்கள். ஒயில் முழுவதையும் அளந்து விடுங்கள். மூடி, நன்றாகக் குலுக்குங்கள். மூடியை மெதுவாகத் திறந்து ஆவியை விடுங்கள். மீதிப் பெற்றோலை விட்டுத் திரும்பக் குலுக்குங்கள். ஒயிலை முதலில் விட்டுப் பெற்றோலை மேலே ஊற்றினால் அடியில் ஒட்டிக்கொண்டு கிடக்கும். மெசின் டாங்கிக்குள்ளேயே கலக்காதீர்கள், அதற்குள் குலுக்க இடமில்லை. முதலில் போவது தனி ஒயிலா தனிப் பெற்றோலா என்று யாருக்கும் தெரியாது.

கானில் மூன்று விடயம் எழுதுங்கள்: விகிதம், ஒயில் பெயர், கலந்த திகதி. ஒரு மாதத்துக்கு மேல் கலவையை வைத்திராதீர்கள். கார்த்திகை, மார்கழி மழையில் அரைக் கானாகக் கிடந்தால் ஈரம் இறங்கும், பெற்றோலின் லேசான பகுதி பறந்துவிடும். ஆகவே ஒரு தரத்துக்கு இரண்டு, மூன்று லீற்றருக்கு மேல் கலக்க வேண்டாம்.

டாங்கிக்கு விடுகிறபோது மெசின் ஆறியிருக்க வேண்டும். வலை உள்ள புனல் பாவியுங்கள், வைக்கோல் தூசு காபரேற்றருக்குள் போகாது. ஊற்றின இடத்திலிருந்து மூன்று மீற்றர் தள்ளிப்போய் ஸ்ராட் பண்ணுங்கள். ஒவ்வொரு தரமும் ஊற்றுமுன் கானைக் குலுக்குங்கள்.

7. முதல் மூன்று டாங்கி

புது எஞ்சினுக்கு றிங் இருந்து பழக வேண்டும். முழு வேகத்தில் தொடர்ந்து பிடிக்காதீர்கள். கூட்டிக் குறைத்து வெட்டுங்கள், கால் மணிக்கு ஒருக்கால் ஆறவிடுங்கள். வேலையை விதைப்புக்கு முன்னமே, புரட்டாதியில் தொடங்கினால் அவசரம் இராது. நான் மெசினை வாங்கினதே புல் முட்டின பிறகு, அதனால் முதல் நாளே ஆறு மணித்தியாலம்.

காபரேற்றர் ஆணியைத் திருகி "நல்லாச் சத்தம் போடப் பண்ணித் தாறன்" என்று யாராவது வந்தால் கையைப் பிடியுங்கள். உள்ளே திருகத் திருகப் பெற்றோல் குறையும், சத்தம் ஏறும், சூடும் ஏறும்.

8. பிளக் சொல்லும்

ஐந்தாவது டாங்கி முடிந்ததும், எஞ்சின் ஆறினபின் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். நுனி பால்தேத்தண்ணி நிறத்தில் இருந்தால் நன்று. கறுத்து ஈரமாக இருந்தால் ஒயில் கூட, அல்லது காற்று வடி அடைத்திருக்கிறது. வடியைச் சவர்க்காரத் தண்ணீரில் கழுவிக் காயவைத்துப் போட்டுவிட்டுத் திரும்பப் பாருங்கள். வெள்ளையாகச் சுண்ணாம்பு மாதிரி இருந்தால் உடனே நிறுத்துங்கள். எங்கோ காற்றுக் கூடப் போகிறது அல்லது பெற்றோல் காணாது. என் பழைய பிளக்கை கராச்சுத் தம்பி எடுத்துக் காட்டினான். தாளைப் போல வெள்ளை. மூன்று நாளில் ஒருக்கால் கழற்றிப் பார்த்திருந்தால் ஏதோ பிழை என்றாவது தெரிந்திருக்கும்.

9. போகம் முடிய

மாசி, பங்குனியில் அறுவடை முடிந்ததும் டாங்கியைக் காலி பண்ணி, தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள். கலவையோடு வைத்தால் சிறுபோகத்துக்கு எடுக்கும்போது காபரேற்றருக்குள் பிசின் பிடித்து, உள்ளே இருக்கிற மெல்லிய இறப்பர்த் தகடு விறைத்துப்போயிருக்கும். சைலென்சரைக் கழற்றிக் கரியைச் சுரண்டுங்கள்.

மிஞ்சின கலவையை வாய்க்காலில் ஊற்றாதீர்கள். எங்கள் ஒழுங்கையில் பழைய டூ-ஸ்ட்ரோக் ஓட்டோ ஒன்று இன்னும் ஓடுகிறது. போன பங்குனியில் ஒன்றரை லீற்றரை அந்த அண்ணையிடம் கொடுத்தேன். கானைத் திருப்பித் தரும்போது கேட்டார்: "இது எத்தினைக்கு ஒண்டு?" கானிலேயே எழுதியிருக்கு, வாசியுங்கோ என்றேன்.